நைனா சேர்த்து வைத்த முடி

நட்ட முடி கொட்ட ஆரம்பித்த அன்று காலையில், தலையில் காய்ந்திருந்த கடைசிப் பொருக்குதான் உதிர்கிறது என்று நினைத்துக் குளியலறையில் நின்றுகொண்டிருந்தேன். கிளினிக்கில் சொல்லிக் கொடுத்தபடி ஷாம்பூவை நுரைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, குவளையில் மெதுவாக நீர் ஊற்றினேன். நெற்றி வழியாக இறங்கிய நீரில் கறுப்பாக ஏதோ வந்தது. உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தேன். நகத்தின் நீளம்கூட இல்லாத முடிகள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஊசிமுனை அளவுக்கு வெள்ளையாக ஒரு புள்ளி. வேரோடு வந்துவிட்டது என்று அந்தப் புள்ளியைப் பார்த்ததுமே முடிவு செய்துவிட்டேன்.

கையை உதறிவிட்டு இன்னும் ஒரு குவளை ஊற்றினேன். இன்னும் வந்தது.

அம்பத்தூரில் எங்கள் தெருவில் என்னைப் பற்றிச் சொல்வதென்றால் 'காலேஜ் டீச்சர் வீடு' என்பார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியை மிதித்த முதல் ஆள் நான். குமணன்சாவடியைத் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். கரண்ட் பில் முதல் மருந்துச் சீட்டு வரை வீட்டில் எல்லாம் என் கைக்குத்தான் வரும். நான் படித்துச் சொன்னால் அதுதான் முடிவு. அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது. இப்போதும் பிடிக்கும்.

தலை மட்டும் நைனாவுடையது. நைனா என்பது என் அப்பா. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சிறிய பிரஸ் ஷாப்பில், தகட்டில் வாஷர் அடிக்கும் மெஷினில் நிற்பவர். அவருடைய கல்யாண போட்டோவிலேயே நெற்றி பாதித் தலைக்கு ஏறியிருக்கும். இப்போது காதுக்கு மேலே இரண்டு பக்கமும் கொஞ்சம் நரை, மற்றதெல்லாம் வழவழப்பு. அவருக்கு அதில் ஒரு குறையும் இல்லை. எனக்குக் கல்லூரி முடிக்கும்போதே வகிடு அகலமாகத் தொடங்கியது. வேலைக்குச் சேர்ந்த பிறகு நெற்றியின் இரண்டு மூலைகளும் பின்வாங்கின. வருகைப் பதிவேட்டைக் குனிந்து பார்க்கும்போது வகுப்பு என் உச்சியைப் பார்க்கிறது என்பது எனக்குத் தெரியும். ஒருநாள் படிக்கட்டில் எனக்கு முன்னால் போன பையன் பக்கத்தில் இருந்தவனிடம், "மேடம் தலையில கிரவுண்டு காலியா கீது மச்சான், சண்டே மேட்ச் வெச்சுக்கலாம்" என்றான். நான் பின்னால் வருவது அவனுக்குத் தெரியாது. அடுத்த மணி அதே வகுப்புக்குப் பாடம் எடுத்தேன். கரும்பலகையில் எழுதத் திரும்பும்போதெல்லாம் உச்சி கூசியது.

முடி நடும் சிகிச்சை செய்துகொள்ளப் போவதை வீட்டில் அனுமதி கேட்பது போலச் சொல்லவில்லை. பாடம் நடத்துவது போலச் சொன்னேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தோலை வரைந்து, அதற்குள் வேரை வரைந்து, பின்னந்தலையிலிருந்து எடுத்து முன்னால் வைப்பார்கள் என்று அம்பு போட்டுக் காட்டினேன். "அதெல்லாம் ஆம்பளைங்க பண்ணிக்கிறது" என்று அம்மா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நைனா மட்டும் தாளைக் கையில் வாங்கிப் பார்த்து, "வெச்சா நின்னுக்குமா?" என்றார்.

"நிக்கும். அதெல்லாம் நான் படிச்சுட்டேன் நைனா."

கல்லூரியில் தலையில் சின்னக் கட்டி, எடுக்க வேண்டும் என்று விடுப்பு வாங்கினேன். சிகிச்சை முடிந்த மறுநாள் கட்டுப் பிரித்த டாக்டர், இப்படித் தூங்க வேண்டும், இப்படிக் குளிக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, "உதிர்றதைப் பத்தியும் படிச்சிருப்பீங்களே, டீச்சர் வேற" என்றார். படிச்சிருக்கேன் என்றேன். உண்மையில் நான் படித்ததில் ஒரே ஒரு வரி இருந்தது: சிறிதளவு முடி உதிரலாம். அவர் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் தலையாட்டிய வேகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த வேகம் எனக்குச் சிறுவயதில் வந்தது. வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாத பிள்ளை, தெரியவில்லை என்று வகுப்பில் கை தூக்கினால் என்ன ஆகும் என்பதைச் சீக்கிரம் கற்றுக்கொள்ளும்.

குளியலறை நாளுக்குப் பிறகு தினமும் கொட்டியது. முதலில் நட்டவை. அப்புறம் என் சொந்த முடி, நீளமாக, நட்ட இடத்தைச் சுற்றி இருந்தவை. இருந்ததும் போகிறது என்று தெரிந்தது. போனில் தேடினேன். பாதிப் பேர் பயப்படாதே என்றார்கள். மீதிப் பேர் தங்கள் திட்டுத் திட்டான தலைகளைப் போட்டோ எடுத்துப் போட்டு, ஏமாந்துவிட்டோம் என்றார்கள். கிளினிக்குக்கு ஒரு செய்தி தட்டச்சு செய்தேன். படித்துப் பார்த்துவிட்டு அழித்தேன். படித்திருக்கிறேன் என்று சொன்னவள் எந்த முகத்தோடு கேட்பது? கேட்காமல் இருக்கும்வரை அது தோற்றுப்போகவில்லை என்றும் ஓர் எண்ணம். துப்பட்டாவை முன்நெற்றிவரை இழுத்து, இரண்டு பக்கமும் ஊக்குப் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். தையல் போட்ட இடத்தில் தூசி படக் கூடாது என்று சொல்லிவைத்தேன். ஆசிரியர் அறையில் ஓர் அக்கா கரிசனமாக, "கட்டி பெருசா இருந்துச்சாம்மா, டெஸ்டுக்கு அனுப்பினாங்களா?" என்று கேட்டார். அந்தக் கரிசனத்தின் முன்னால் நின்றது, படிக்கட்டுப் பையனின் கிரிக்கெட் கேலியைவிட மோசமாக இருந்தது.

வீட்டில் யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நைனா, வாஷர் போட்டுக் கொடுக்கும் சின்ன பிளாஸ்டிக் கவர் ஒன்றை என் காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார். வாயை அழுத்தி மூடும் கவர். அதன் மூலையில் ஓட்டை போட்டு, சிவப்பு நூலில் ஓர் அட்டை கட்டியிருந்தது.

"இன்னா நைனா இது?"

"உன் முடிதான். தலகாணி மேல கெடந்துச்சு. நீ குளிக்கப் போறச்சே எடுத்து வெச்சேன்."

"அதப் போயி ஏன் எடுத்து வெச்சே?"

"ரிஜெக்ட் ஆன பீஸத் தூக்கிப் போட்டுட்டு பார்ட்டியாண்ட போயி இன்னான்னு பேசுவே? பீஸ் இல்லாம பேச்சு இல்ல." அவர் கவரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "டாக்டர் டேபிள் மேல வெப்போம். வெச்சது நிக்கல, இதையே திருப்பி வெச்சுக் குடுன்னு கேப்போம். இத்தோ பாரு, வேரோட கீது. இன்னும் காயல."

அவர்கள் ஷாப்பில் அப்படித்தான். அடித்த வாஷர் சரியில்லை என்று வாங்கிய பார்ட்டி சொன்னால், சிவப்பு அட்டை கட்டிய பீஸ் திரும்பி வர வேண்டும். அதை வைத்துக்கொண்டுதான் தப்பு மெஷினிலா, தகட்டிலா, ஆளிடமா என்று பேசுவார்கள். பீஸ் வராத புகாரை மேஸ்திரி காதிலேயே வாங்கமாட்டாராம்.

"அது அப்பிடி இல்ல நைனா."

"பின்ன எப்பிடி? சொல்லு."

நான் டம்ளரைக் கவரிடமிருந்து நகர்த்தி வைத்தேன்.  அவர் இன்னொரு கவரை எடுத்து முதல் கவரின் பக்கத்தில் வைத்தார். "அது அவன் வெச்ச முடி. இது உன்னுது, நீளமா கீது பாரு. உன்னுது ஏன் கொட்டுச்சுன்னும் கேக்கணும்ல."

அடுப்படியில் அம்மா சிரிப்பை அடக்குவது கேட்டது. கவர்களை வெடுக்கென்று பிடுங்கிக் குப்பைக் கூடையில் போட்டேன். காப்பியைக் குடிக்காமல் உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது கூடையில் கவர்கள் இல்லை.   அந்த வாரம் அவர் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் என் தலையணையைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார் என்பது தெரிந்துவிட்டது. முந்திக்கொண்டு நானே தலையணையைத் துடைக்கத் தொடங்கினேன். ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தெரியாததுபோல முடி பொறுக்கிக்கொண்டிருந்தோம். அதை நினைத்தபோதுதான் கிளினிக்குக்குப் போன் செய்து நாள் வாங்கினேன்.

சனிக்கிழமை. தனியாகப் போகிறேன் என்றேன். நைனா தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் போய் ஐயப்பன்தாங்கல் டிப்போவில் இறங்கிக் கொஞ்சம் நடந்தோம். கிளினிக் முதல் மாடியில். கண்ணாடிக் கதவைத் தள்ளும்போது, "அப்பா, பாத்து வாங்க" என்றேன். வீட்டில் அவரை நான் அப்படி அழைத்ததே இல்லை. அவர் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு 'வாங்க' என்று மரியாதை கிடைத்த ஆள் போல நிமிர்ந்து நடந்தார்.

முன்மேஜையில் புதுப் பெண். நான் போன் எண்ணைச் சொல்ல வாய் திறப்பதற்குள் நைனாவின் தலையைப் பார்த்துவிட்டு, "சாருக்கு ஃபர்ஸ்ட் விசிட்டா மேடம்?" என்றாள்.

"ஆமாம்மா" என்றார் நைனா.

நான் எண்ணை மட்டும் சொன்னேன். அவள் தட்டிவிட்டு உட்காரச் சொன்னாள். திருத்தியிருக்கலாம்; திருத்தவில்லை. அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். சுவர் முழுக்க ஆண்களின் தலைகள், முன் ஒன்று, பின் ஒன்று. அங்கே அப்பாவைக் கூட்டிவந்த பெண்ணாக இருப்பது எவ்வளவு வசதியாக இருந்தது என்பதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

எதிரே ஒரு கனத்த ஆள், தங்கச் சங்கிலியை விரலில் சுற்றியபடி நைனாவை அளந்துகொண்டிருந்தார். "அண்ணாத்தே, கேக்கறனேன்னு தப்பா நெனைக்காதே. உனுக்கு எங்கேருந்து எடுத்து நடுவாங்க? பின்னாடியும் கிளீனா கீதே."

"அதான் யோசிச்சுகினு கீறாங்க. தாடில பாதி, நெஞ்சுல பாதி" என்றார் நைனா.

கூடம் சிரித்தது. "இந்த வயசுல எதுக்கு மாமே? பொண்ணு பாக்கப் போறியா?"

"ஊட்டுக்காரம்மா கேட்டா. நான் இன்னா பண்றது?"

"குடுத்து வெச்ச ஆளு. பொண்ணு வேற கூட்டிகினு வந்துகீது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஊக்குகள் சரியாக இருக்கின்றனவா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனைப் பார்த்தேன்.

ஓரத்தில் தொப்பி போட்ட ஓர் இளைஞன் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தான். சிரிப்பு அடங்கியதும் நைனா பக்கம் நகர்ந்து, "அண்ணே, நட்டா நிக்குமா? விசாரிச்சீங்களா?" என்று மெல்லக் கேட்டான்.

"நிக்கும்" என்றார் நைனா. அவன் இன்னும் பார்த்துக்கொண்டிருந்ததால், "மொதல்ல கொட்டும். அப்பால நிக்கும்" என்று சேர்த்தார். சுவரைப் பார்த்துக்கொண்டு, சற்றுச் சத்தமாக. அவருக்கு அது தெரியாது. என் காதில் விழட்டும் என்று சொன்னார்.

"எல்லாமே கொட்டுமா அண்ணே?"

அதற்குள் எங்களைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். நான் ஊக்குகளைக் கழற்றித் துப்பட்டாவை இறக்குவதற்குள் நைனா சட்டைப் பையிலிருந்து இரண்டு கவர்களையும் எடுத்து மேஜையில் வைத்துவிட்டார். சிவப்பு நூல் அட்டைகளோடு. "சார், வெச்சது நிக்கல. பீஸ் எல்லாம் கொண்டாந்துகீறேன். ஒன்னுகூட வுடல. இதையே திருப்பி வெச்சுக் குடுத்துருங்க."

பக்கத்தில் நின்ற நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். தரை பிளந்தால் போதும் என்று இருந்தது எனக்கு. டாக்டர் சிரிக்கவில்லை. கவரைத் திறந்து, ஒரு முடியை இடுக்கியால் எடுத்து வெள்ளைத் தாளில் வைத்து, பூதக்கண்ணாடியை நைனாவிடம் கொடுத்தார்.

"இந்த வெள்ளையா தெரியுதே, அத வேர்னு நெனைச்சீங்களா?"

"ஆமா சார்."

"அது வேர் இல்ல. முடியோட அடி, அவ்வளவுதான். வேர் உள்ளேயே தோல்ல இருக்கு. இடம் மாத்தி வெச்ச அதிர்ச்சியில வேர் கொஞ்ச நாள் தூங்கிடும், புடிச்சிருந்த முடிய விட்டுடும். மூணு நாலு மாசத்துல அதே வேர்லேர்ந்து புதுசா வர ஆரம்பிக்கும். நல்லாத் தெரியறதுக்கு ஒரு வருஷம்கூட ஆகலாம். பக்கத்துல இருந்த முடி கொட்டறதும் அதே அதிர்ச்சிதான். பெரும்பாலும் அதுவும் திரும்பி வந்துடும்." விளக்கை இழுத்து என் தலையை நிதானமாகப் பார்த்தார். தோல் நன்றாக ஆறியிருக்கிறது என்றார். பிறகு என்னிடம், "படிச்சிருக்கேன்னு சொன்னீங்களேம்மா" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் நைனா, "இதுக்கு எல்லாம் தெரியும் சார். எனுக்குத்தான் தெரியாது. என் தொல்ல தாங்காமத்தான் கூட்டிகினு வந்துச்சு" என்றார்.

நான் அதையும் திருத்தவில்லை. டாக்டர் தலையசைத்தார். நான் ஊக்குகளைத் திரும்ப மாட்டினேன். ஒன்று சரியாக மாட்டாமல் விரலைக் குத்தியது.

வெளியே வந்ததும் தொப்பிப் பையன் எழுந்து நைனாவை மறித்தான். "அண்ணே, மொதல்ல கொட்டும்னீங்களே. உங்களுக்கு யார் சொன்னது? டாக்டரா?" தொப்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "எனக்கு நட்டு ஒரு மாசம்கூட ஆவல. சீப்புல அப்பிடியே வருது. அடுத்த மாசம் நிச்சயம். பொண்ணு ஊட்ல போட்டோ பாத்துட்டாங்க. உள்ள போயி கேக்கறதுக்கே பயமா கீது."

நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவரால் இன்னொரு பொய் சொல்லியிருக்க முடியும். தாடியில் பாதி, நெஞ்சில் பாதி என்று சொன்னவர்தான். ஆனால் அந்தப் பையன் முகத்தைப் பார்த்து அவருக்கு வாய் வரவில்லை. கனத்த ஆளும் மற்றவர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"அவருக்கு இல்ல. எனக்குத்தான் நட்டாங்க" என்றேன்.

பையனுக்குப் புரியவில்லை. ஊக்குகளைக் கழற்றித் துப்பட்டாவை இறக்கினேன். அறுபது பேர் முன்னால் தினமும் நிற்பவள் நான். அப்படி ஒரு பார்வையின் முன்னால் நின்றதில்லை. அவன் என் நெற்றி மூலைகளையும், சிவந்த தோலையும், வகிட்டின் இரண்டு பக்கத்தையும் பார்த்தான். மரியாதைக்குக்கூடக் கண்ணை எடுக்கவில்லை. தன் தலையைத்தான் அங்கே தேடிக்கொண்டிருந்தான். கனத்த ஆள் சங்கிலியை விட்டுவிட்டு எங்கோ பார்த்தார்.

"எனக்கும் எல்லாமே கொட்டிடுச்சு தம்பி. சொந்த முடியும் சேந்து போச்சு. வேர் உள்ள இருக்காம், சில மாசத்துல வருமாம். இவ்வளவு நேரம் எனக்கும் தெரியாது. இப்பத்தான் உள்ள கேட்டேன். பயந்துகிட்டுக் கேக்காமலே இருந்தேன்."

"நிச்சயத்துக்குள்ள வருமாக்கா?"

"வராது. டாக்டர்கிட்ட கேளுங்க, ஆனா அதுக்குள்ள வராது."

அவன் தொப்பியைக் கழற்றினான். என்னுடையதைவிட மோசமாக இருந்தது. எனக்குள் ஒரு சின்ன நிம்மதி எழுந்தது. அந்த நிம்மதிக்காகவும் வெட்கப்பட்டேன்.

படி இறங்கும்போது நைனா எனக்கு முன்னால் வேகமாகப் போனார்.  பஸ் நிற்கும் இடத்துக்கு வந்த பிறகுதான், "நான்தான் பேசிகினு இருந்தனே. நீ இன்னாத்துக்குத் தலையத் தொறந்து காமிச்சே?" என்றார்.

"அந்தப் பையன் பயந்துட்டான் நைனா."

"பயந்தா? வயசுப் பொண்ணு. கண்டவனும் பாக்கற மாரியா கீது உன் தலை?"

சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். அதுவரை என் தலையைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை அவர். தலையணையில் முடி பொறுக்கிய காலைகளில் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாமலே இருந்தது. இப்போது தெரிந்தது.

"அப்பிடிச் சொல்லலம்மா" என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டு.

"எப்பிடிக் கீது? பாத்துச் சொல்லு" என்றேன்.

வீட்டுப் பேச்சு, நடுத்தெருவில், தானாக வந்துவிட்டது. துப்பட்டா தோளில்தான் கிடந்தது. கிளினிக்கில் இறக்கியதை நான் திரும்ப மாட்டவில்லை. அவர் தயங்கித் திரும்பி, மெஷினிலிருந்து விழுந்த பீஸை ஓரம் ஓரமாகத் திருப்பிப் பார்ப்பது போல என் தலையை நிதானமாகப் பார்த்தார். நெற்றியின் இடப்பக்கம், வலப்பக்கம், உச்சி. எட்டி நின்று ஒருமுறை.

"கோரமாத்தான் கீது" என்றார்.

"ம்."

"பின்னால எடுத்த எடம் தெரியல. அது நல்லாத்தான் பண்ணிகீறான்."

பக்கத்தில் பூக்கூடையோடு நின்ற ஒரு பெண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் வரவில்லை. முகமும் காதும் எரிந்தன. நைனா பார்த்து முடிக்கும்வரை நான் நகராமல் நின்றேன்.